சாசனம் சங்கிலியானபோது

அமெரிக்கா என்றவுடன் உங்கள் மனக்கண் முன் வந்து நிற்பன எவை? விண்ணை முட்டும் மாளிகைகள். வீதியெங்கும் விரையும் கார்கள். உலகத்துச் சந்தையை ஆட்டிவைக்கும் டாலர். இன்று நான் உங்களை அழைத்துச் செல்லவிருப்பது அந்த அமெரிக்காவுக்கு அன்று. பூகோளப் படத்தை விரித்துப் பாருங்கள். கிழக்குக் கடலோரத்தில், மாசசூசெட்சுக்கும் கனெக்டிகட்டுக்கும் இடையே, பெயரை எழுதவும் இடம் போதாமல், பெயரைக் கடலிலே எழுதிக் கோடு இழுத்துக் காட்டியிருப்பார்களே, அந்த ரோட் ஐலண்டுக்குத்தான் அழைக்கிறேன்.

ஐம்பது மாநிலங்களில் பரப்பளவில் மிகச் சிறியது அதுவே. வடக்குத் தெற்காக 48 மைல். கிழக்கு மேற்காக 37 மைல். நீர்ப்பரப்பையும் சேர்த்து அளந்தால் 1,545 சதுர மைல். நிலம் மட்டும் 1,034 சதுர மைல். அலாஸ்கா என்னும் ஒரு மாநிலத்துக்குள் இதனை நானூறு முறைக்கு மேல் வைத்து அடுக்கலாம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 10,97,379. ஆயினும் வாஷிங்டனில் கூடும் செனட் சபையிலே அதற்கு இரண்டு இடங்கள். நான்கு கோடியை நெருங்கும் மக்களைக் கொண்ட கலிபோர்னியாவுக்கும் அதே இரண்டு இடங்கள்தாம்!

கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா என்பார்கள். அந்தக் காரத்தை வியந்து கைதட்டிவிட்டுப் போவதற்காக இந்தக் கதையை நான் எடுக்கவில்லை. உரிமை என்பது ஒருமுறை வென்று, ஏட்டிலே எழுதி, பெட்டியிலே பூட்டி வைத்துவிட்டால் முடிந்துவிடும் காரியமா? இந்தக் கேள்விக்கு அந்தச் சின்னஞ்சிறு மாநிலத்தின் வரலாறு தரும் விடையைப் போலத் தெளிவான விடை வேறெங்கும் கிடைப்பது அரிது. அதனால்தான் எடுத்துக்கொண்டேன்.

விரட்டப்பட்டவன் கட்டிய வீடு

1631-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்தார் ரோஜர் வில்லியம்ஸ் என்னும் இளம் பாதிரியார். மத விஷயத்திலே அரசாங்கத்தின் கொடுமை தாளாமல் தாயகத்தைத் துறந்து வந்தவர்கள் அந்தக் குடியேற்றத்தினர். அவர்கள் என்ன செய்தனர்? தாங்கள் கொண்ட கொள்கையை ஏற்காதவரைத் தாங்களே தண்டிக்கத் தலைப்பட்டனர். அடிபட்டவன் கையிலே பிரம்பு வந்ததும் அவனும் அடிக்கத் தொடங்கினான்!

வில்லியம்ஸ் எழுந்து நின்று கேட்டார்: மனிதனுடைய மனச்சாட்சிக்குள் புகுந்து தீர்ப்பளிக்க அரசாங்க அதிகாரிக்கு என்ன உரிமை? அதோடு நின்றாரா? இந்த மண் இங்கு வாழும் பழங்குடி மக்களுடையது; அவர்களிடம் விலை பேசி வாங்காமல், கடலுக்கு அப்பால் இருக்கும் மன்னன் பட்டயம் எழுதித் தந்தான் என்று எடுத்துக்கொள்வது எந்த நியாயம் என்றும் கேட்டார். முதல் கேள்வி கோயிலைச் சுட்டது. இரண்டாவது கேள்வி கொல்லையைச் சுட்டது. பொறுப்பார்களா? 1635 அக்டோபரில் நாடு கடத்தத் தீர்ப்பளித்தார்கள். பிடித்துக் கப்பலேற்றுமுன், 1636 ஜனவரியில், கொட்டும் பனியிலே காட்டுவழி நடந்தார் வில்லியம்ஸ்.

அந்தக் கடுங்குளிரிலே அவருக்கு அடைக்கலம் தந்தவர்கள் யார்? 'நாகரிகம் அற்றவர்' என்று வெள்ளையர் ஏசிய பழங்குடி மக்கள், வாம்பனோவாக் இனத்தார். பின்னர் நாரகன்செட் இனத்தின் தலைவர்களான கனானிகசும் மியான்டனோமியும் நிலம் தந்தனர். அங்கே எழுந்ததுதான் பிராவிடன்ஸ் என்னும் ஊர், இன்றைய தலைநகரம். அங்கு கூடியவர்கள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை, பெரும்பான்மையினர் முடிவுக்குக் கட்டுப்படுவோம், ஆனால் உலகியல் காரியங்களில் மட்டுமே என்று வரையறுத்தது. மதத்துக்கும் அரசுக்கும் இடையே வேலி போட்டது. அந்த மக்களின் மொழியைக் கற்று, 1643-இல் இலண்டனில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார் வில்லியம்ஸ்.

மற்ற இடங்களில் விரட்டப்பட்டோர் எல்லாம் இங்கு வந்தனர். பெண்ணொருத்தி மதம் பேசுவதா என்று மாசசூசெட்ஸ் துரத்திய ஆன் ஹட்சின்சன் 1638-இல் வந்தார். குவேக்கர் பிரிவினர் வந்தனர். அந்தப் பிரிவைச் சேர்ந்த மேரி டையர் என்னும் பெண்மணியைப் பாஸ்டன் நகரம் 1660-இல் தூக்கிலே தொங்கவிட்டது என்பதை நினைவிலே வைத்தால், அண்டை வீடு எத்தகையது, இந்த வீடு எத்தகையது என்பது புலப்படும். யூதர்கள் வந்தனர், நியூபோர்ட் நகரிலே 1763-இல் அவர்கள் திறந்து வைத்த தொழுகைக்கூடம், அமெரிக்க நாட்டில் இன்றும் நிற்கும் யூதத் தொழுகைக்கூடங்களில் மிகப் பழையது.

1663-இல், ஜான் கிளார்க் என்பவரின் முயற்சியால், இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ் ஒரு சாசனம் வழங்கினான். மத நம்பிக்கைக்காக எவரையும் துன்புறுத்தலாகாது என்று மன்னன் முத்திரையே உறுதி கூறிற்று. தங்கள் கவர்னரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிட்டிற்று. அந்தக் காலத்துக்கு அது அரும்பெரும் சாசனம். அதில் ஐயமில்லை. அந்தச் சாசனத்தை மறவாதீர்கள் தோழர்களே; மீண்டும் அதனிடம் வருவோம்.

முதலில் எழுந்தவன், கடைசியில் இணங்கியவன்

சிறிய மாநிலம், ஆனால் குனியத் தெரியாத முதுகு. 1772 ஜூன் மாதத்தில், வரி வசூலுக்காக வளைகுடாவில் வட்டமிட்ட காஸ்பி என்னும் பிரிட்டிஷ் கப்பல் தரைதட்டி நின்றபோது, இரவோடு இரவாகப் படகுகளில் சென்று அதனைக் கொளுத்தினார்கள் இம்மக்கள். 1776 மே 4-ஆம் நாள், சுதந்திரப் பிரகடனத்துக்கு இரண்டு மாதம் முன்பே, மன்னனுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று இந்தச் சட்டசபை தீர்மானித்தது.

ஆனால் 1787-இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் வகுக்கக் கூடினார்களே, அந்த மாநாட்டுக்குப் பிரதிநிதி அனுப்ப மறுத்த ஒரே மாநிலமும் இதுதான். வாஷிங்டன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்று ஓராண்டுக்கு மேல் கழிந்தது. பன்னிரண்டு மாநிலங்கள் உள்ளே, இது மட்டும் வெளியே. கடனிலே மூழ்கிய உழவர்கள் தங்கள் மாநிலத்தின் காகிதப் பணத்தை இழக்க அஞ்சினார்கள். தனிமனித உரிமைகளுக்கு உறுதி எங்கே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். வெளிநாடு போலக் கருதி வாணிகத்தையே முறிக்கச் செனட் சபை முனைந்த பிறகு, 1790 மே 29-இல், 34-க்கு 32 என்ற வாக்குக் கணக்கில், இரண்டே வாக்கு வித்தியாசத்தில் இசைந்தது ரோட் ஐலண்ட்.

வீரம் நிறைந்த வரலாறு. இத்துடன் முடித்துவிட்டால் மேடையில் பேசுபவனுக்கு எளிது; கேட்பவனுக்கு இனிது. ஆனால் வரலாற்றின் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மறுபக்கத்தைப் புரட்டாமல் போவது படிப்பாகுமா?

நம்பிக்கை என்னும் கப்பல்

1652-இலேயே இக்குடியேற்றத்தில் ஒரு சட்டம் இயற்றினார்கள்: எவரையும் பத்தாண்டுக்கு மேல் அடிமையாக வைத்திருக்கலாகாது என்று. கேட்கும்போதே நெஞ்சம் குளிர்கிறதல்லவா? ஏட்டிலே இருந்தது சட்டம். நாட்டிலே நடந்தது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட அடிமைக் கப்பல்களில் பாதிக்கு மேல் ரோட் ஐலண்ட் துறைமுகங்களைச் சேர்ந்தவை. வெல்லப்பாகிலிருந்து சாராயம் வடித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவது. அங்கே சாராயத்தைக் கொடுத்து மனிதரை வாங்குவது. மேற்கிந்தியத் தீவுகளில் மனிதரை விற்று வெல்லப்பாகு வாங்குவது. இந்த முக்கோண வாணிகத்திலே ஏறத்தாழ ஒரு லட்சம் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிட்டு ஏற்றப்பட்டனர். மனச்சாட்சியின் சுதந்திரத்துக்காக எழுந்த வீட்டின் கொல்லைப்புறத்திலே மனிதச் சந்தை!

காஸ்பி கப்பலைக் கொளுத்தச் சென்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? ஜான் பிரவுன் என்னும் பெருவணிகர். அடிமை வாணிகத்தில் ஈடுபட்டவரும் அவரே. தன் முதுகில் விழுந்த வரிச்சுமை வலித்தது. பிறன் காலில் பூட்டிய விலங்கு ஒலித்தது காதில் விழவில்லை. அவருடைய உடன்பிறந்த தம்பி மோசஸ் பிரவுனோ, 1773-இல் தம் அடிமைகளை விடுவித்தார். அந்த வாணிகத்தையே எதிர்த்து நின்றார். 1797-இல் அடிமை வாணிகத் தடைச் சட்டத்தின்கீழ் அண்ணன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவருடைய கப்பல் பறிமுதல் ஆயிற்று. அந்தக் கப்பலின் பெயர் என்ன? 'ஹோப்', அதாவது நம்பிக்கை! அந்த மாநிலத்தின் முத்திரையிலே நங்கூரத்துக்கு மேல் பொறித்திருக்கும் ஒரே சொல்லும் அதுதான்.

வில்லியம்சுக்கு இடம் தந்த நாரகன்செட் மக்கள் என்ன ஆனார்கள்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். 1675 டிசம்பரில், அண்டைக் குடியேற்றங்களின் படைகள் சதுப்புநிலத்தில் இருந்த அவர்களது கோட்டையைத் தாக்கித் தீயிட்டன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சியோரின் வாரிசுகளை, 'இப்படியோர் இனமே இனி இல்லை' என்று 1880-இல் மாநில அரசாங்கம் சட்டம் போட்டுத் துடைத்தெறிந்தது. இருக்கிறோம், இதோ இருக்கிறோம் என்று அவர்கள் போராடி, 1978-இல் கொஞ்சம் நிலத்தையும், 1983-இல் மத்திய அரசின் அங்கீகாரத்தையும் பெற்றனர். வந்தவனுக்கு வாழ்வளித்தவன், தான் உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்க நூறாண்டு வழக்காட வேண்டியிருந்தது!

ஆலை வந்தது, வாக்கு வரவில்லை

1789-இல் இங்கிலாந்திலிருந்து சாமுவேல் சிலேட்டர் என்னும் தொழில்நுட்பம் அறிந்த இளைஞர் வந்தார். நூற்பு எந்திரத்தின் அமைப்பை வெளிநாட்டுக்குக் கொண்டு செல்வது அங்கே குற்றம். அவரோ எல்லாவற்றையும் மூளையிலே ஏற்றிக்கொண்டு வந்தார். மோசஸ் பிரவுனின் முதலுதவியோடு பாட்டக்கெட் என்னும் ஊரில் 1790-இல் நீர்விசையால் பருத்தி நூற்கத் தொடங்கினார். அமெரிக்க ஆலைத் தொழிலின் தொட்டில் அதுவே. அந்தத் தொட்டிலை ஆட்டியவர்கள் யார்? ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகள்! தாலாட்டுக் கேட்க வேண்டிய வயதிலே தறிகெட்ட எந்திரத்தின் ஓலம் கேட்டார்கள். நூற்ற பருத்தியோ, நாளடைவில் தென் மாநிலங்களின் அடிமைகள் பறித்த பருத்தி. அடிமைகள் உடுத்துவதற்கென்றே முரட்டுத் துணி நெய்தும் இம்மாநில ஆலைகள் இலாபம் கண்டன. அடிமைத்தனத்தை எதிர்த்த நல்லவர் போட்ட முதலும், அடிமையின் உழைப்பிலேயே போய்க் கலந்தது. தனிமனிதர் நல்லவராயிருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1824-இல் பாட்டக்கெட் ஆலை முதலாளிகள் கூடிப் பேசி, வேலை நேரத்தை ஒரு மணி கூட்டினார்கள். நெசவுக் கூலியை நான்கில் ஒரு பங்கு குறைத்தார்கள். யார் எழுந்தது? பெண்கள்! ஏறத்தாழ நூறு நெசவுப் பெண்கள் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தனர். ஊரே அவர்கள் பின்னால் நின்றது. அமெரிக்காவின் முதல் ஆலை வேலைநிறுத்தம் என்று வரலாறு அதனைக் குறித்து வைத்திருக்கிறது. முதலாளிகள் இறங்கி வந்து சமரசம் பேசும்படி ஆயிற்று.

இப்போது அந்தச் சாசனத்திடம் வருவோம். மன்னனை விரட்டிய பிறகு மற்ற மாநிலங்கள் தத்தமக்கு அரசியல் சட்டம் எழுதிக்கொண்டன. ரோட் ஐலண்டோ, 1663-இல் மன்னன் தந்த சாசனத்தையே கட்டிக்கொண்டு அழுதது. எந்த ஊருக்கு எத்தனை பிரதிநிதி என்பதைச் சாசனம் நிர்ணயித்திருந்தது: நியூபோர்ட்டுக்கு ஆறு, பிராவிடன்சுக்கு நான்கு. ஆலைகள் எழுந்து பிராவிடன்ஸ் பெருநகரான பிறகும் கணக்கு மாறவில்லை. வாக்களிக்க 134 டாலர் மதிப்புள்ள நிலம் வேண்டும் என்று சட்டசபை விதித்திருந்தது. நிலம் உடையவனுக்கு வாக்கு. அவன் மூத்த மகனுக்கும் வாக்கு. எந்திரத்தோடு மாரடிக்கும் தொழிலாளிக்கு இல்லை. வரவேண்டிய கடனுக்கு வழக்குப் போடுவதானாலும் நிலமுடையவர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும்! சாசனத்தைத் திருத்தலாம் என்றால், திருத்தும் வழி சாசனத்திலே இல்லை. நேற்று கேடயமாக இருந்தது. இன்று சங்கிலி ஆயிற்று.

இரண்டு கவர்னர்கள்

தாமஸ் வில்சன் டார் என்பவர் எழுந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளை. ஹார்வர்டில் படித்த வழக்கறிஞர். உரிமை கேட்டு மனுப்போட்டு மனுப்போட்டுக் கை சலித்த மக்கள், 1841-இல் தாங்களே மாநாடு கூட்டினர். தாங்களே அரசியல் சட்டம் எழுதினர். தாங்களே வாக்கெடுப்பும் நடத்தினர். ஏறத்தாழ 14,000 பேர் ஆதரித்தனர். 1842-இல் இரு தரப்பும் தேர்தல் நடத்தின. அந்தச் சிறிய மாநிலத்துக்கு இரண்டு கவர்னர்கள்! கட்டி முடியாத வார்ப்படச் சாலைக் கட்டடம் ஒன்றில் டாரின் அரசாங்கம் பதவியேற்றது. மே மாதத்தில் ஓரிரவு, டாரின் ஆட்கள் பிராவிடன்ஸ் ஆயுதக் கிடங்கை வளைத்தனர். கிடங்குக்குள் காவல் நின்றவர்களில் டாரின் தந்தையே ஒருவர். பீரங்கிக்குத் தீ வைத்தார்கள், பீரங்கி வெடிக்கவில்லை. கூட்டம் கலைந்தது. இராணுவச் சட்டம் வந்தது. 1844-இல் டாருக்கு ஆயுள் கடுங்காவல். மறு ஆண்டு விடுதலையானார். உடல் நலிந்து 1854-இல் கண்மூடினார்.

அவர் ஏன் தோற்றார்? பீரங்கி வெடிக்காததாலா? இல்லை தோழர்களே. அதற்கு முன்பே தோல்விக்கு வித்திட்டுவிட்டது அந்த இயக்கம். உழைப்போர்க்கெல்லாம் வாக்கு என்று முழங்கிய மாநாடு, ஒரு சொல்லை இடையிலே செருகிற்று: 'வெள்ளையர்க்கு' என்று. டார் அதனை விரும்பியவர் அல்லர். ஆனால் மாநாட்டின் பெரும்பான்மை அவ்வாறு முடிவு செய்தது. 1822-இல் வாக்குரிமை பறிக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் என்ன எண்ணுவர்? அடிமைத்தளை அறுத்து வந்த பிரடெரிக் டக்ளஸ் அம்மாநிலத்துக்கு வந்து அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். இறுதியில் கறுப்பின மக்கள் பழைய அரசாங்கத்தின் பக்கம் நின்றனர். அரசாங்கம் அவர்களுக்கு வாக்குரிமை தந்து புதிய அரசியல் சட்டம் இயற்றிற்று. 1843-இல் அது நடைமுறைக்கு வந்தது; 180 ஆண்டு வாழ்ந்த மன்னன் சாசனம் மடிந்தது. தோற்ற இயக்கம்தான் அதனைச் சாகடித்தது என்பதும் உண்மை. பக்கத்தில் நின்ற தோழனைப் பகைவனிடம் தள்ளியதும் அந்த இயக்கமே என்பதும் உண்மை.

புதிய சட்டமாவது கதவை முழுதும் திறந்ததா? இல்லை. அயல்நாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டும் அந்த 134 டாலர் நிலம் இன்னும் வேண்டும் என்றது. யாரைத் தடுக்க? ஆலைகளில் உழைக்க வந்த அயர்லாந்துக் கத்தோலிக்கரை! மதத்தின் பெயரால் விரட்டப்பட்டோருக்காக எழுந்த வீடு, மதம் வேறு என்று நெற்றியைச் சுருக்கி நின்றது. 1888 வரை அந்தத் தடை நீடித்தது. நகரசபைத் தேர்தலுக்குச் சொத்துத் தகுதி 1928 வரை இருந்தது. மாநிலச் செனட் சபையிலோ ஊருக்கு ஓர் இடம்: இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த பிராவிடன்சுக்கும் ஒன்று, சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூருக்கும் ஒன்று. கூட்டாட்சியிலே சிறியவனைக் காக்கும் அதே கணக்கு, வீட்டுக்குள்ளே உழைப்பவனை ஒடுக்கும் கணக்காயிற்று. கணக்கு ஒன்றுதான்; எந்த இடத்தில், யாருடைய கையில் என்பதிலேதான் நீதியும் அநீதியும். 1934 செப்டம்பரில் நெசவாளர் வேலைநிறுத்தத்தின்போது அந்த மண்ணிலே துப்பாக்கிகள் முழங்கின. தொழிலாளர் உயிர் துறந்தனர்.

கதவுக்கு வெளியே யார்?

இறுதியாக ஒன்று. இந்த மிகச் சிறிய மாநிலத்துக்குத்தான் மிக நீண்ட பெயர் இருந்தது: 'ரோட் ஐலண்ட் மற்றும் பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்ஸ்'. தொடக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் குடியேற்றம் என்பதே பொருள். ஆனால் அடிமைகள் வாடிய பண்ணைகளை அது நினைவூட்டுகிறது, நீக்குங்கள் என்று கறுப்பின மக்கள் கேட்டனர். 2010-இல் வாக்கெடுப்பு; பெரும்பான்மையோர் மறுத்தனர். கேட்டவர்கள் சோர்ந்தார்களா? மீண்டும் கேட்டனர். 2020-இல் மறுபடி வாக்கெடுப்பு. இம்முறை மக்கள் இசைந்தனர். பெயர் சுருங்கிற்று, மாநிலம் பெரிதாயிற்று.

1663-ஆம் ஆண்டுச் சாசனம் இன்று பிராவிடன்ஸ் அரசு மாளிகையிலே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதனைப் பார்ப்பவன் பெருமிதம் கொள்ளலாம், அது தவறன்று. ஆனால் அந்தப் பேழை முன் நின்று அவன் எண்ண வேண்டியது வேறொன்றும் உண்டு. அதை வாங்கித் தந்தவர்கள் விரட்டப்பட்டவர்கள். அதைப் பூட்டி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள் பிள்ளைகள். அதை உடைத்தவர்கள் பூட்டுக்கு வெளியே நின்றவர்கள்.

தோழர்களே! இயக்கம் நடத்துவோர்க்கு இதிலே எச்சரிக்கை இருக்கிறது. ஒரு வெற்றி கிட்டிய நாளன்று மாலை சூடுங்கள், முழக்கமிடுங்கள், மகிழுங்கள். ஆனால் கூட்டம் கலைந்து வீடு திரும்பும் வழியில், ஒரு கணம் நின்று திரும்பிப் பாருங்கள். நாம் உள்ளே வந்துவிட்டோம். கதவுக்கு வெளியே இன்னும் நிற்பது யார்? அவரையும் அழைத்து வருகிறவரையில் நம் வேலை முடியவில்லை. ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்தவனுக்கு வரலாற்றில் என்ன இடம் என்பதை, 48 மைல் நீளமுள்ள ஒரு சிறு மாநிலம் நமக்குச் சொல்லிவிட்டது.